அம்மாவின் இடுப்பு ஆபரேஷனும் வீட்டில் கைகொடுத்த சாமான்களும்

போன வருஷம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அடுக்களைப் பின்வாசல் படியில் பாசி. மீன் கழுவின தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றப் போன அம்மா வழுக்கி இடது பக்கமாக விழுந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் இடது கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. வயதானவர்கள் விழுந்து கால் இப்படிக் கிடந்தால் தூக்கி நிறுத்தி நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். அப்படியே படுக்க வைத்து 108-க்கு அடியுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. மூட்டில் ஏற்கெனவே நல்ல தேய்மானமும் இருந்ததால் முழு இடுப்பு மூட்டையும் மாற்றிவிடுவதே நல்லது என்றார் டாக்டர். அம்மாவுக்கு வயது 69. மூன்றாம் நாள் ஆபரேஷன், அதற்கு மறுநாளே நாலு கால் வாக்கரைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்தார்கள், இன்னும் நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கை காலெல்லாம் ஆடிவிட்டது. ஆபரேஷனைப் பற்றி யோசித்த அளவுக்கு வீட்டைப் பற்றி யாருமே யோசித்திருக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டின பழைய வீடு எங்களுடையது. சிவப்பு சிமென்ட் தரை, ஒவ்வொரு அறைக்கும் நாலு அங்குல நிலைப்படி. சாப்பாடு, காய் வெட்டுவது, ராத்திரி குடும்ப ஜெபம் எல்லாமே தரையில்தான். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன விதி மூன்று. ஒன்று, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, அதாவது உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரத்துக்கு வரக் கூடாது, இருந்த இடத்தில் குனிந்து தரையைத் தொடவும் கூடாது. இரண்டு, கால் மேல் கால் போடக் கூடாது. மூன்று, ஆபரேஷன் செய்த காலை உள்பக்கமாகத் திருகக் கூடாது. மீறினால் புது மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு விலகிவிடலாம். அம்மாவுக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்ததால் இந்த விதி. முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு வேறு மாதிரி சொல்வார்கள், சில டாக்டர்கள் இவ்வளவு கட்டுப்பாடு வைப்பதும் இல்லை. உங்கள் டாக்டர் எந்தப் பக்கமாகச் செய்தார், எது கூடாது, எத்தனை வாரத்துக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு 12 வாரம் சொன்னார்கள்.

இந்த ஆபரேஷன் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது 1960-களில், இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டரின் உழைப்பால். உயரமான கட்டிலும் நாற்காலியும் கோப்பைக் கழிவறையும் (வெஸ்டர்ன் டாய்லெட்) பிறந்ததிலிருந்தே பழகின ஜனங்கள் அங்கே. நம் வீட்டுக்கு அப்படியல்ல, நாள் முழுக்க உட்கார்ந்து எழும்புவது தரையோடுதான், அதனால் நாம் மாற்ற வேண்டியதும் கூடுதல்.

மாற்ற ஆரம்பிக்கும் முன்னால் ஒரே ஒரு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் செய்யாமல் விட்டதும் அதுதான். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று சாயங்காலமே தம்பி நாகர்கோவிலில் ஒரு சர்ஜிக்கல் கடையில் கழிவறைக் கோப்பை மேல் வைக்கும் பிளாஸ்டிக் உயர்த்தி ஒன்றும், ஒரு நாற்காலியும் வாங்கி வந்துவிட்டான். உயர்த்தி எங்கள் கோப்பையின் வாய்க்குப் பொருந்தவே இல்லை, கையால் தள்ளினால் ஒரு பக்கமாக நகர்ந்தது. அதன்மேல் அம்மாவை உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. நாற்காலியோ உட்கார்ந்தால் அரையடி உள்ளே அமுங்குகிற மெத்தை நாற்காலி. கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

மறுநாள் பிசியோதெரபி பார்க்கும் பெண் தான் சொல்லித் தந்தாள்: "அக்கா, முதல்ல அம்மாவோட முழங்கால் மடிப்பு தரையில இருந்து எவ்வளவு உயரம்னு அளங்க." நல்ல காலில் அளந்தோம், செருப்பு போட்டு, தையல் டேப்பால். பதினாறரை அங்குலம். அம்மா உட்காரும் எந்த இடமும் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரமாக, அதாவது 19 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு அமுங்கி நிற்கும் உயரம்தான் கணக்கு. ஒரு துண்டுத் தாளில் பெரிதாக 19 என்று எழுதி டேப்போடு சேர்த்துக் கட்டி தம்பி கையில் கொடுத்தேன். ரொம்ப உயரமாகிப் பாதம் தரையில் ஊன்றாமல் தொங்கினாலும் தப்பு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் 15 அங்குலம்தான் இருந்தது. மெத்தையோடு சேர்த்து அமுங்கினால் 17 வரும். புதுக் கட்டில் வாங்கலாம் என்றான் தம்பி. பக்கத்து வீட்டு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, அயனி மரத்தில் நாலு கட்டை வெட்டித் தந்தார். ஒவ்வொன்றும் நல்ல அகலம், கட்டில் கால் போய் உட்கார நடுவில் ஒரு அங்குலக் குழி, அந்தக் குழிக்கு அடியில் இரண்டரை அங்குலம் மரம் நிற்கும்படி. குழி இல்லாமல் செங்கல் மேலோ வெறும் பலகை மேலோ கட்டிலை ஏற்றி வைப்பதை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஓரத்தில் கை ஊன்றி எழும்பும்போது கட்டில் ஒரு இழுப்பில் இறங்கிவிடும். கட்டிலை உள் அறையிலிருந்து முன் அறைக்கே மாற்றினோம், தாண்ட வேண்டிய நிலைப்படியில் ஒன்று குறைந்தது. நல்ல கால் இருக்கும் பக்கமாக இறங்குகிற மாதிரி போட்டுக்கொண்டால் எழும்ப எளிது என்று பிசியோ சொன்னாள், அம்மாவுக்கும் அதுதான் சரியாக வந்தது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு கெட்டித் தலையணை. பஞ்சு மிதமாக அடைத்த மெத்து மெத்தென்ற தலையணை ராத்திரி அமுங்கிக் கால் உள்ளே சரிந்துவிடும். இலவம்பஞ்சைத் திணித்து அடைத்த பழைய தலையணை ஒன்று இருந்தது, அது நின்றது.

நாற்காலிக்கு அப்பாவின் பழைய தேக்கு நாற்காலியையே எடுத்தோம். இரண்டு பக்கமும் கை உண்டு, பின்னால் நேரான சாய்வு. அதற்கும் உயரம் போதாமல், உட்காரும் பலகை மேல் இரண்டங்குல கெட்டி ஃபோம் ஒன்று வெட்டிப் போட்டு உறை தைத்தேன். கை இல்லாத நாற்காலி வேண்டவே வேண்டாம், எழும்பும்போது ஊன்ற வேறு ஒன்றும் கிடைக்காது. சாய்வு நாற்காலி, சோபா, பிளாஸ்டிக் நாற்காலி மூன்றையும் 12 வாரத்துக்கு அம்மா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து சறுக்கும், ஈரத் தரையில் இன்னும் மோசம். உட்காரும் முறையும் உண்டு: பின்னால் போய் நாற்காலி நல்ல காலின் பின்பக்கம் தட்டுகிற வரை நிற்க வேண்டும், ஆபரேஷன் காலை ஓரடி முன்னே நீட்டிவிட்டு, வாக்கரை விட்டு நாற்காலியின் கையைப் பிடித்து இறங்க வேண்டும். எழும்பும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழும்பக் கூடாது, அது நம் பக்கமாகவே கவிழும்.

சரி, கழிவறைக்கு வருகிறேன். எங்களுக்குப் பணமும் நேரமும் அதிகம் போனது இங்கேதான், போனது நல்லதுக்குத்தான்.

வீட்டுக்குள் ஒரு கோப்பைக் கழிவறை உண்டு, தம்பி கல்யாணத்துக்கு முன் கட்டினது. கோப்பை 15 அங்குலம். உயர்த்தி பொருந்தாததால் கால்களின் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய கமோடு நாற்காலி ஒன்று வாங்கினோம். நடுவில் இருக்கும் வாளியை எடுத்துவிட்டு அப்படியே கோப்பை மேல் நிறுத்தலாம், இரண்டு பக்கமும் பிடித்து எழும்பக் கை இருக்கிறது, உயரத்தை 19-இல் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். நாலு காலிலும் ஒரே துளையில் பொத்தான் வெளியே வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ராத்திரி இதையே கட்டில் பக்கம் வாளியோடு வைத்தோம், முதல் மூன்று வாரம் இருட்டில் அம்மாவை நடத்திப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால், வாக்கருக்கு அடுத்தபடி இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அப்புறம்தான் தெரிந்தது, வாக்கர் கழிவறைக் கதவுக்குள் நுழையவில்லை. வாக்கரின் அடிப்பக்கம் 22 அங்குலம், கதவு திறந்தபின் கிடைக்கிற வழி 21. பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நுழைவது, காலைத் திருகக் கூடாத ஆளுக்கு ஆகிற காரியமா? கீலிலிருந்து கதவையே கழற்றி மாடியில் வைத்துவிட்டு ஒரு திரைச்சீலை தொங்கவிட்டோம். வழி 23 ஆகிவிட்டது. அம்மாவுக்கு முதல் இரண்டு நாள் ரொம்பச் சங்கடம், ஆள் யாராவது முன் அறையில் இருந்தால் போகவே மாட்டார், நான் எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு வாசலில் காவல் நின்றேன். இந்தக் கூச்சத்தை வீட்டிலுள்ளவர்கள் மதிக்க வேண்டும். அடக்கி வைத்தால் மலச்சிக்கல் வரும், வலி மாத்திரையோடு சேர்ந்து அது பெரிய தொந்தரவாகும்.

கழுவுகிற குழாய் கோப்பையின் பின்பக்கச் சுவரில் இருந்தது. அதை எடுக்க உடம்பைத் திருப்ப வேண்டும். குழாயின் ஹோஸை நீளமானதாக மாற்றி, வலது பக்கம் முழங்கை உயரத்தில் ஒரு கொக்கி அடித்து மாட்டினோம். சின்ன வேலை, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை உதவினது.

கைப்பிடிக் கம்பி இரண்டு: கோப்பைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, தரையிலிருந்து 33 அங்குலத்தில். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி கடையில் கிடைக்கும், அதை நம்பி ஒரு ஆளின் எடையைக் கொடுக்காதீர்கள். டைல்ஸைத் துளைத்து உள்ளே செங்கல் வரை ஆணி போய்ப் பிடிக்க வேண்டும். கொத்தனார் மாட்டி முடித்ததும் தம்பி அவன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான், அதற்கப்புறம்தான் அம்மாவைப் பிடிக்க விட்டோம். துண்டு போடும் கம்பி பிடிக்கிற கம்பி அல்ல, அது பக்கத்தில் இருந்தால் கை தானாக அதற்குப் போகும், கழற்றிவிடுங்கள்.

குளிப்பது தையல் பிரித்த பிறகுதான், அதுவரை துணி நனைத்துத் துடைத்துவிட்டேன். ரப்பர் கால் வைத்த குளியல் ஸ்டூல் வாங்கினோம், 19 அங்குலம்தான். ஆனால் எங்கள் அம்மா வாளியில் கோரிக் குளித்தே பழகினவர், தரையில் இருக்கும் வாளியில் கப்பை விட்டுக் கோரினால் அது அப்படியே கூடாத குனிவு. வாளியை இன்னொரு முக்காலி மேல் ஏற்றி வைத்தேன், பாதி வாளி தண்ணீர்தான், நிரப்பினால் கவிழும். அவர் உட்கார்ந்த வாக்கிலேயே இடுப்பு உயரத்தில் கோரிக்கொள்ளலாம். கையில் பிடிக்கிற ஷவர் வைக்க வசதி இருந்தால் அதைவிட நல்லது. முதுகு தேய்க்கவும் பாதம் தேய்க்கவும் நீளப் பிடி வைத்த பிரஷ். தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. வீட்டில் கிடந்த மற்ற சவுட்டிகளை (கால்மிதிகளை), வாசலில் போட்டிருந்த தென்னை நார் சவுட்டி உட்பட, எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிட்டேன், வாக்கர் கால் அதில்தான் மாட்டும்.

வாக்கரின் உயரத்தைக் கடைக்காரர் வைத்துக் கொடுத்ததை அப்படியே விட்டுவிடக் கூடாது. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, பிடி அங்கே இருக்க வேண்டும். நடக்கிற வரிசை: வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால். திரும்பும்போது ஊன்றின காலில் சுழலாமல் குட்டிக் குட்டி எட்டாக வைத்து, நல்ல கால் இருக்கும் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். முன்னால் ஒரு மஞ்சப்பை கட்டிக் கொடுத்தேன், அதில் போன், ஜெபமாலை, மூடி வைத்த தண்ணீர் பாட்டில், கண்ணாடி. பை கனத்தால் வாக்கர் முன்னே சாயும், கொஞ்சமாகத்தான் போட வேண்டும். இரண்டு கையும் வாக்கரில் இருக்கிறபோது சாயா டம்ளரை எப்படி எடுத்துப் போவது? அம்மா ஒரு தடவை ஒரு கையில் டம்ளரோடு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார், பார்த்து உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து மூடி திருகுகிற சின்னப் பிளாஸ்க்கில்தான் சாயா.

கீழே விழுந்ததை எடுக்க ஒரு பிடிகோல் வாங்கினேன், இரண்டரை அடி நீளம், பிடியை அமுக்கினால் நுனியில் வாய் மூடும். அம்மா அதற்குச் சின்னத் தோட்டி என்று பேர் வைத்தார். மாங்காய் பறிக்கிற தோட்டியை வாழ்க்கை முழுக்கப் பிடித்த கை, இரண்டே நாளில் அவ்வளவு லாவகம் வந்துவிட்டது. தரையில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுப்பார், ஃபேன் சுவிட்சைத் தட்டுவார், உள்பாவாடையை அதில் கொளுவிக் கால் வழியாக மேலே இழுத்துக்கொள்வார். துணி உடுத்தும்போது ஆபரேஷன் காலை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கால் கடைசி. நைட்டியின் கீழே நாலு அங்குலம் மடித்துத் தைத்தேன், நீளமாக இருந்தால் வாக்கருக்குள் மிதிபடும். வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனாலும் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஒன்று வீட்டுக்குள்ளேயே போட வைத்தோம். மழைக்காலத்தில் சிவப்பு சிமென்ட் தரை வியர்க்கும், வெறுங்காலும் ஹவாய் செருப்பும் இரண்டும் ஆபத்து.

காற்றும் மழையுமாக இருந்த அந்த இரண்டு மாதமும் ரப்பர் மரக்கிளை கம்பி மேல் விழுந்து எத்தனை ராத்திரி கரண்ட் போயிருக்கும். கரண்ட் போனதும் தானாக எரிகிற எமர்ஜென்சி விளக்கு ஒன்று கட்டிலுக்கு நேர் எதிரே. வாசலில் மாட்டுகிற வயர் இல்லாத காலிங் பெல்லை வாங்கி, அமுக்கும் பொத்தானைத் தலையணைப் பக்கம் ஒட்டிவிட்டு மணியை என் அறையில் வைத்துக்கொண்டேன். கூப்பிட்டுத் தொண்டை வலிக்க வேண்டாம், நானும் நிம்மதியாகக் கண்ணயரலாம்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்போடு வருகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் பக்கம் வர்ம வைத்தியமும் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடிக்கும் உழிச்சிலும் பேர் போனவை என்பதால், வருகிற பத்துப் பேரில் ஐந்து பேர் எண்ணெய் போட்டுத் தடவச் சொன்னார்கள். ஒரு மாமா வர்ம ஆசானைக் கையோடு கூட்டி வரவும் தயாராக இருந்தார். எனக்கு அந்த வைத்தியத்தின் மேல் மரியாதை உண்டு, அப்பாவின் தோள்பட்டை வலி அதில்தான் தீர்ந்தது. ஆனால் புது மூட்டு வைத்த இடுப்பை டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது. வீங்கிய கெண்டைக்காலைத் தடவுவது இன்னும் ஆபத்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். இந்தக் காரணத்துக்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள், மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ, கடும் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்த ஐந்தையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

தையல் பிரிக்கப் போக ஆட்டோ வேண்டாம், கார்தான். முன் சீட்டைக் கடைசி வரை பின்னே தள்ளி, சாய்வைக் கொஞ்சம் இறக்கி, மேலே ஒரு கெட்டித் தலையணை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். முதுகைக் காட்டி முதலில் உட்கார வைத்து, கவர் வழுக்குவதால் அப்படியே நகர்த்தி, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க வேண்டும். உள்ளே வந்ததும் கவரை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆளே முன்னால் வழுக்கிப் போவார்.

ஆறு வாரத்தில் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் இடது காலில் என்றால் தடி வலது கையில், நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படிக்கு: ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் காலும் தடியும் முதலில். இந்தச் சமயத்தில்தான் கவனம் ரொம்ப வேண்டும், வலி குறைந்துவிடுகிறது, பழைய பழக்கம் திரும்பி வருகிறது. ஒரு நாள் அடுக்களையில் சத்தம் கேட்டுப் போனால், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அரையடிக் குரண்டியை (உட்காரும் மணையை) காலால் இழுத்துக்கொண்டிருக்கிறார், தேங்காய் திருவ. "எத்தனை வருஷம் இருந்து எழும்பின குரண்டி மக்களே, கொஞ்ச நேரம் இருந்தா என்ன ஆயிரும்?" என்கிறார். அவர் கண் நிறைந்திருந்தது, எனக்குத் திட்ட மனசு வரவில்லை. அன்றைக்கே மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற துருவி ஒன்றை மார்த்தாண்டம் சந்தையிலிருந்து வாங்கி வந்தேன், குரண்டியைத் தொழுவத்தில் கொண்டு வைத்தேன். ஜெபத்துக்கும் அம்மா பாயில் இல்லாமல் அப்பாவின் நாற்காலியில், நாங்களும் அவரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், அவர் மட்டும் தனியாக மேலே இருப்பதாகத் தோன்றக் கூடாது என்று.

இப்போது அம்மா தடியில்லாமல் கோயிலுக்கு நடந்து போகிறார், முழங்கால் படியிடுவதில்லை. கமோடு நாற்காலியும் வாக்கரும் நாலு கட்டையும் திங்கள்சந்தையில் இதே ஆபரேஷன் செய்த ஒரு அக்காவின் வீட்டில் இருக்கின்றன. கொடுக்கும் முன் வாக்கரின் அடி ரப்பரைப் புரட்டிப் பார்த்தேன், இரண்டு தேய்ந்து உள்ளே இருக்கும் அலுமினியக் குழாயின் விளிம்பு தெரிந்தது. இரவல் வாங்குகிறவர்களும் கொடுக்கிறவர்களும் இதை முதலில் பாருங்கள். ரப்பர் தனியாகக் கிடைக்கும், குழாயின் பருமன் வாக்கருக்கு வாக்கர் மாறும் என்பதால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போய் அதே அளவில் நாலும் சேர்த்து வாங்கிப் போடுங்கள்.